பொன்னேருக்குக் கட்டிய மாலை

பரளச்சிப் பக்கத்தில் பூச்செடி வளர்ப்பதற்கு ஒரு திமிர் வேண்டும். குடிதண்ணீருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர்க் கிணற்றுக்கு நடக்கிற சனம். பெத்தம்மாளுக்கு அந்தத் திமிர் உண்டு. திருச்சுழிக் கோயில் நந்தவனத்தில் கேட்டு வாங்கிய செவ்வரளிக் குச்சி ஒன்றை மாட்டுக் கொட்டத்தை ஒட்டி ஊன்றிவைத்தாள். முதல் கோடைக்கு மட்டும் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றினாள். அதற்கப்புறம் அவள் மறந்தாலும் அது பூக்க மறக்கவில்லை. மற்றதெல்லாம் கருகுகிற பங்குனியில் அது மட்டும் கொத்துக் கொத்தாகச் சிவந்து நிற்கும். வேலியும் வேண்டாம். ஆடு முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போகும். மாடு திரும்பியும் பார்க்காது. விஷச்செடி என்பது வாயில்லாச் சீவனுக்குத் தெரியும் என்று ஊரே நம்பியது, அவளும் நம்பினாள்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்த மறு சித்திரையில் பொன்னேர் பூட்டினார்கள். வருஷத்தின் முதல் உழவு அது. காளைகளைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, சாஸ்திரத்துக்கு நாலு சால் ஓட்டுவார்கள். ஊர்க்காளைகளுக்கெல்லாம் ஆவாரம்பூ மாலைதான். காடு மேடெல்லாம் கிடக்கிற பூவைத் தன் காளைகளுக்குப் போட பெத்தம்மாளுக்கு மனசில்லை. மயிலையும் செவலையும் அவள் புருஷன் ராமசுப்பு கன்றிலிருந்து வளர்த்த ஜோடி. அந்த ஜோடியை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. கற்றாழை நாரில் செவ்வரளி கட்டினாள். பூவை மட்டும் வைத்தால் மாலை மெலிசாகத் தெரிந்தது. கழித்துவிட்டால் செடியும் தழைக்கும் என்று இலைக்கொத்துகளையும் ஒடித்து வைத்துக் கனமாகக் கட்டினாள். அன்றைக்கு ஊர்க்கண் முழுக்க அந்த ஜோடியின் மேல்தான். பொழுது சாய, மாலையைக் கழற்றப் போன ராமசுப்புவை அவள்தான் தடுத்தாள். நாளைக்கும் நாலு பேர் பார்க்கட்டும் என்றாள்.

விடிந்து பார்த்தால் செவலை காலை நீட்டிக் கிடந்தது. வாயோரம் நுரை. ராமசுப்பு தொட்டுப் பார்த்தான், உடம்பு விறைத்திருந்தது. பெத்தம்மாளுக்கு அழுகைகூட வரவில்லை. கையிலிருந்த கழுநீர்ப் பானையைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றாள். நேற்று அத்தனை பேர் நடுவில் கொம்பை ஆட்டிக்கொண்டு நடந்த மாடு.

பாம்பு தீண்டிய தடம் எதுவும் இல்லை. ராமசுப்புவுக்கு உடனே பங்காளி வீரணன் ஞாபகம்தான் வந்தது. வரப்புத் தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. நேற்று மாட்டையே வெறித்துக்கொண்டு நின்றான், அவன்தான் தொட்டியில் எதையோ கலந்துவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டான். கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவினான்.

பெத்தம்மாளும் வீரணனைச் சபிக்கத்தான் வாயைத் திறந்தாள். அப்போதுதான் மாலை கண்ணில் பட்டது. செத்துக் கிடந்த செவலையின் கழுத்தில் அது வாடிச் சுருண்டு, ஆனால் குலையாமல் இருந்தது. உயிரோடு நின்ற மயிலையின் கழுத்தில் வெறும் நார் தொங்கியது. நாரில் ஒரே ஒரு காம்பு மிச்சம்.

இரண்டும் ஒரே தொட்டியில் பக்கத்தில் பக்கத்தில் கட்டுகிற மாடுகள். பச்சையாக இருந்தவரை சீந்தாத இலையை, ஒரு பகல் வெயிலில் வாடியதும், சோளத்தட்டையைத் தின்கிற மாதிரி மயிலையின் கழுத்திலிருந்து இழுத்துத் தின்றிருக்கிறது செவலை. கழற்ற வேண்டாம் என்று சொன்னது அவள் வாய்தான்.

சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்படி நினைத்ததும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ராமசுப்பு அதற்குள் படியிறங்கியிருந்தான். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

“போகாதீக. வீரணன் இல்ல. நாங் கட்டுன மாலையத்தேன் தின்னுருக்கு. மயிலை கழுத்தப் பாருங்க.”

அவன் பார்த்தான். இரண்டு கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் அடிக்குக் காத்துக்கொண்டு நின்றாள். அடி விழவில்லை, விழுந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவன் நேரே அரளியிடம் போய் வெட்ட ஆரம்பித்தான். கிளை கிளையாகப் பூவோடு கொட்டத்து முன்னால் சரிந்தது. செடி தரையோடு போனதும் அரிவாளை வீசிவிட்டு, செவலையின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கயிறு விறைக்க, மயிலை அந்தக் குவியலை நோக்கிக் கழுத்தை நீட்டியது.

“அள்ளு பெத்தம்மா,” என்றான் ராமசுப்பு, தலை நிமிராமல். “வாடுறதுக்குள்ள ஒரு இலை விடாம அள்ளு.”

அவள் மண்ணில் உட்கார்ந்து, ஒவ்வொரு இலையாகப் பொறுக்கி மடியில் போட ஆரம்பித்தாள்.