குப்பை வண்டி வந்த கிளிப்

கோதண்டராமனின் அறுபதாம் கல்யாண வரவேற்புக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. மர்பி டவுனின் மாடி ஸ்டுடியோ ஒன்றில் மகா, அவருடைய மகன் அஷ்வினின் வாழ்த்து கிளிப்களைக் கோத்துக்கொண்டிருந்தாள். அஷ்வினுக்கு ஜெர்மனியில் வேலை, லீவு கிடைக்கவில்லை. மண்டபத்துத் திரையிலாவது மகன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. இதையெல்லாம் சொன்னவர் அஷ்வினின் அம்மா ராதா. சொன்னதோடு போகாமல், பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து கிளிப்களை வரிசைப்படுத்தி, நிறத்தையும் ஒன்றாக்கியாயிற்று. கடைசி கிளிப்பில் அஷ்வின் எழுதி வைத்ததைப் படித்துக்கொண்டே வந்தவன், காகிதத்தைக் கீழே வைத்தான். "அப்பா, உங்களப் பாக்கணும் போல இருக்குப்பா."

சரியாக அந்த இடத்தில் ஒரு கன்னடப் பாட்டு உரக்க வந்தது. இந்த ஊரில் தெருத் தெருவாகக் காலையில் குப்பை வாங்க வரும் வண்டியின் பாட்டு.

பக்கத்து மேசை நோயல் திரும்பினான். "ஏய் மகா, ஜெர்மனிலயும் நம்ம கசா வண்டி ஓடுதா?"

ராதா சிரிக்கவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டினார். மகா ஸ்பீக்கரை நிறுத்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கேள்வி கேட்பது அவள் வழக்கமில்லை.

"அந்தச் சத்தத்த மட்டும் எடுத்துடும்மா."

எடுத்துப் பார்த்தாள். ஃபேன் சத்தம் என்றால் போய்விடும். பாட்டு போகாது, மென்பொருளுக்கு அதுவும் மனிதக் குரல்தான். வண்டியை அமுக்கினால் அஷ்வினும் தண்ணிக்குள்ளிருந்து பேசினான்.

"ரெண்டும் ஒட்டிக்கிச்சு ஆன்ட்டி. மேல மியூசிக் போட்டா அவர் பேசுறதும் கேக்காது. வேணும்னா அந்த வரியவே வெட்டிடலாம்."

"வெட்டிடு. மண்டபம் முழுக்க என் நாத்தனாருங்க. பாம்புக் காது ஒவ்வொருத்திக்கும்."

மகா வெட்டி, எக்ஸ்போர்ட் கொடுத்தாள். முடிந்ததும் இருவரும் பார்த்தார்கள். அஷ்வின் சிரித்தான், வாழ்த்தினான், கும்பிட்டான், முடிந்தது.

"நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கான், இல்ல?" என்றார் ராதா.

மகா மவுஸைக் கையில் எடுத்தாள். "வெட்டினது எங்கயும் போகல ஆன்ட்டி. கிளிப் முழுசா உள்ளதான் இருக்கு. ஓரத்தப் பிடிச்சு இழுத்தா வந்துடும்."

இழுத்தாள். வண்டியும் வந்தது, வரியும் வந்தது. ராதா ஹெட்போனை வாங்கி இரண்டு தடவை கேட்டார்.

"இதையே வெச்சுடு."

"மண்டபத்துல எல்லாருக்கும் கேக்குமே ஆன்ட்டி?"

"அதுக்கு முன்னாடி அவங்கப்பா என் வாயால கேட்டுடட்டும்."

எக்ஸ்போர்ட் மறுபடி ஓட ஆரம்பித்தது. ராதா போனை எடுத்தார். எழுந்து வெளியே போகவில்லை.

"என்னங்க, மாத்திரை போட்டாச்சா? ... ஸ்டுடியோலதான் இருக்கேன். கொஞ்சம் உக்காந்துக்கோங்க, ஒண்ணு சொல்லணும். அஷ்வினுக்கு அந்த வேலை கைக்கு வரலங்க. ஜெர்மனிக்கு அவன் போகவே இல்ல. இங்க, பொம்மனஹள்ளிலதான் இருக்கான்."