இன்னும் ஒரு நடை

அந்த அட்டைத் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பதிமூன்று வருடம் நான் யாரிடமும் கேட்கவில்லை. பால்பவுடர் பெட்டியிலிருந்து கிழித்த அட்டை அது. வடக்கும் தெற்கும் மோதிய சண்டையின் இரண்டாவது குளிர்காலத்தில் பியோன் தேகில் என்கிற அண்ணன் பென்சிலால் எழுதிக் கொடுத்தது.

"சண்டை முடிஞ்சதும் எங்க ஊருக்கு வாடா நண்டு. எங்கம்மா கையால ஒரு நாள் சாப்பிட்டா கடல் பக்கமே திரும்ப மாட்டே" என்றார்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கம். படிப்பதுபோல் கண்ணை ஓட்டிவிட்டு மடித்து வைத்துக்கொண்டேன்.

மேற்குக் கடலில் ஒரு சின்னத் தீவு. வடக்கிலிருந்து படகில் தப்பி வந்த நானூறு பேர் அங்கே ஓலைக் கொட்டகையில் கிடந்தோம். எங்களுக்குச் சோறு போடவும் நோய் பார்க்கவும் ராணுவம் அனுப்பிய ஐந்து பேரில் அண்ணனும் ஒருவர். வயது இருபத்திரண்டு. துப்பாக்கியைத் தோளில் மாட்டி நான் பார்த்ததில்லை. காலையில் பேன் கொல்லும் பொடி அடிக்கிற குழாயைத் தூக்கிக்கொண்டு வருவார். சட்டைக் கழுத்துக்குள் விட்டு அடித்தால் நாங்கள் மாவு மில்லில் விழுந்த கோழிபோல் ஆவோம்.

முதல் தடவை பால்பவுடர் வந்தபோது பாதிப் பேருக்கு வயிறு போயிற்று. விஷம் கலந்திருக்கிறார்கள் என்று கிழவர்கள் கத்தினார்கள். அண்ணன் எல்லோர் முன்னாலும் ஒரு தகரக் குவளை நிறையக் கரைத்து ஒரே மூச்சில் குடித்தார். "பாருங்க, ஒண்ணும் ஆகல" என்றார். அரை மணியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினார். அன்று முழுக்க ஓடினார். வீட்டை விட்டு வந்த பிறகு அந்தக் கொட்டகையில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். அப்புறம் பெண்கள் பவுடரை ஆவியில் வேகவைத்துக் கல்போல் இறுக்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அது ஒத்துக்கொண்டது.

அவர் மலைக்காட்டு ஊர்க்காரர். நீச்சல் தெரியாது. கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று என்னிடம்தான் கேட்பார். "நீ சொன்னாத்தான் நான் சேத்துல காலை வைப்பேன்" என்பார்.

தானியப் படகு கரைக்கு வராது. தண்ணீர் வடிந்ததும் தூரத்தில் சேற்றில் உட்கார்ந்துவிடும். முதுகில் மாட்டும் மரச் சட்டத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு சேற்று வெளியைக் கடந்து நாங்கள் சுமந்து வருவோம். ஒரு நடைக்கு ஒரு படி வாற்கோதுமை கூலி.

அன்றைக்குப் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. "நேரம் இருக்காடா?" என்று அண்ணன் கேட்டார்.

இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்னொரு படி கிடைக்கும். "இன்னும் ஒரு நடை போகலாம் அண்ணே" என்றேன்.

சுமப்பது அவர் வேலையே இல்லை. சீக்கிரம் முடியட்டும் என்று அவரும் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்களோடு வந்தார். திரும்பும்போது அவர் கடைசி ஆள். எனக்கும் அவருக்கும் நடுவே இருந்த வாய்க்காலில் தண்ணீர் ஏறிவிட்டது. அந்தக் கடலில் தண்ணீர் எதிரே வராது. வாய்க்கால் வழியாக முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். நான் மூட்டையை அவிழ்த்து எறிந்துவிட்டுக் கரைப் பக்கமாக நீந்தினேன்.

பனிக்குள்ளிருந்து அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. "மான்சொக், எந்தப் பக்கம்டா?"

இந்தப் பக்கம் என்று கத்தினேன். பனியில் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. இரண்டாவது தடவையும் கேட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

உடல் கிடைக்கவில்லை. அவருடைய ஆட்கள் 'காணவில்லை' என்று அவர் வீட்டுக்கு எழுதி அனுப்பினார்கள். பனி என்றார்கள், கடல் என்றார்கள். ஒரு நடை போகலாம் என்று சொன்னவன் யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சண்டை ஓய்ந்தபின் உப்பளத்தில் கூலிக்குச் சேர்ந்தேன். அட்டையை யாரிடமாவது காட்டினால் படித்துச் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் போக வேண்டும். எழுத்து தெரியாதவன் என்பதுதான் எனக்கு ஒளிந்துகொள்ள இடமாக இருந்தது. எனக்கு முப்பத்து மூன்று வயதானபோது, மழை நாட்களில் உப்பு வாருகிறவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள், நானும் உட்கார்ந்தேன். இலையுதிர்காலத்துக்குள் அட்டையை நானே படித்துவிட்டேன். ஊர் கம்னாமுகோல். மூன்றாவது சீமைப்பனிச்சை மரத்து வீடு.

குளிருக்கு உப்பளம் மூடியதும் கிளம்பினேன். நிலாக் கணக்கில் அன்று ஒன்பதாம் மாதம் கடைசி நாள்.

கதவைத் திறந்த அம்மா சின்ன உருவம். "தேகில் அண்ணனோட தீவில இருந்தேன்" என்றதும் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அடியில் அடுப்புச் சூடு ஓடும் தரையில் ஒரு மெத்தைத் துணி மடித்துக் கிடந்தது. அதற்குள் கையை விட்டு மூடி போட்ட பித்தளைக் கிண்ணம் ஒன்றை எடுத்தாள். வெளியே போன மகன் எந்த நேரம் வந்தாலும் சுடுசோறு இருக்க வேண்டும் என்று தினமும் வைப்பது. பதிமூன்று வருடம் வைத்திருக்கிறாள்.

"அவன் ஆளு நீ. இன்னிக்கு நீ சாப்பிடு தம்பி."

சாப்பிட்டேன். சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருக்க வேண்டும். பசி எனக்கு எப்போதுமே முந்திக்கொள்ளும்.

கிண்ணம் காலியான பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"அந்த ஒரு நடைக்கு உனக்கு என்ன குடுத்தாங்க?"

"ஒரு படி வாற்கோதுமை அம்மா. மூட்டையை எறிஞ்சதால அதுவும் இல்ல."

காலிக் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கடைசியா என்ன சொன்னான்?"

"எந்தப் பக்கம்னு கேட்டாரு."

"என்னிக்கு?" என்றாள்.

தேதி என்று ஒன்றை அந்தத் தீவில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் செத்த நாள் தெரியாமல் படையல் போட முடியாது. யோசித்து யோசித்துச் சொன்னேன். "குளிருக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடுற மாசம். எங்ககிட்ட உப்பு இருந்துச்சு, முட்டைக்கோஸ் இல்ல. அதுக்கு முந்தின ராத்திரி முழு நிலா. வாசல்ல உட்கார்ந்து பேன் பார்த்தாங்க. தண்ணியும் அன்னிக்குத்தான் அவ்வளவு உயரம் ஏறிச்சு. பத்தாம் மாசம், பதினாறு."

அவள் விரல் மடக்கினாள். "படையல் முந்தின நாள் சாயங்காலம். இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு. இங்கேயே இரு."

இருந்தேன். விறகு பிளந்தேன், கூரை வேய்ந்தேன். என்னோடு தேவைக்கு மேல் பேசமாட்டாள். ஆனால் அந்த நாட்களிலும் காலையில் கிண்ணத்தில் சோறு போட்டு மெத்தைத் துணிக்குள் வைத்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பதினாறு வரைக்கும் எம்மவன் இருக்கான்" என்றாள்.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டு ஹியோசன் அம்மா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "கல்யாணம் ஆகாத மகனுக்குப் பெத்தவளே படையல் போடுறதா? எந்த ஊர்ல உண்டு இது?"

"ஒனக்கு மகன் போடுவான். எனக்குப் போட வேண்டியவனுக்கு நான் போடுறேன். வேலி சாயுது, கையை எடு."

பதினைந்தாம் நாள் மாலை மேசை போட்டாள். ஓக் கொட்டைக் கூழ்க்கட்டி, முள்ளங்கிச் சூப், உலர்ந்த மீன். என் முன்னால் வெள்ளைத் தாளையும் தூரிகையையும் வைத்தாள். செத்தவர் பெயர்த் தாளை ஊர்ப் பெரியவர்தான் சீன எழுத்தில் எழுதுவார். "அவர் வேணாம். ஒனக்குத் தெரிஞ்ச எழுத்துல நீ எழுது."

'மகன் பியோன் தேகில்' என்று எழுதினேன். அதற்குமுன் என் பெயரையும் உப்பு மூட்டை மேல் போடும் பெயர்களையும் தவிர வேறு எதையும் நான் எழுதியதில்லை. கடைசி எழுத்து கோணிப் போயிற்று. மாற்றி எழுதட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

பித்தளைக் கிண்ணத்தை மேசை நடுவில் வைத்து மூடியை எடுத்தாள். உயிரோடு இருப்பவன் சோற்றில் கரண்டியை நட்டு நிறுத்துவதில்லை, அது செத்தவனுக்கு. கரண்டியைக் கையில் எடுத்தாள். சோற்றுக்குமேல் கை நின்றது. இறங்கவில்லை.

"நீ குத்து" என்று என்னிடம் நீட்டினாள்.

குத்தினேன். நின்றது.

அப்போதுதான் அவள் குரல் எடுத்து அழுதாள். நான் வாசலுக்குப் போய் நின்றேன். அழுது முடிந்ததும் பெயர்த் தாளை எடுத்து வந்து என் முன்னால் எரித்தாள்.

மறுநாள் காலை நான் மூட்டை கட்டினேன். அவள் சமையலறையிலிருந்து சோற்றுக் கிண்ணத்தோடு வந்து, மெத்தைத் துணியைத் தூக்கி, அப்படியே நின்றாள். பிறகு கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள்.

"சாப்பிட்டுட்டுக் கிளம்பு. அடுத்த வருஷம் பதினஞ்சாம் நாள் மத்தியானத்துக்குள்ள வந்துடு."

"நானா அம்மா?"

"வேற யாரு? நாள் தெரிஞ்சவன் நீ. நான் செத்தாலும் நீதான் வரணும். ஒரு வருஷம்கூடத் தவறக் கூடாது."

மன்னித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பதினோரு தடவை போயிருக்கிறேன். போன வசந்தத்தில் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டுச் சாவியை ஹியோசன் அம்மா எனக்காக வைத்திருக்கிறாளாம்.

நாளைக்குப் பதினைந்து. இந்த வருடம் பெயர்த் தாள் இரண்டு எழுத வேண்டும். கரண்டியும் இரண்டு.