என்ஜின் இல்லாத வண்டியில் முப்பது வகுப்புகள்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை. நான் ஒரு போர்க்கதை எழுதிக்கொண்டிருந்தேன். நூற்றுப்பத்துப் பேர் செத்தாகிவிட்டது, கதாநாயகன்தான் இன்னும் வந்து சேரவில்லை. அப்போது கீழ்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு தடித்த நோட்டோடு மாடியேறி வந்தார்.

"சார், நீங்க எழுதுறவர்தானே? என் கையெழுத்து எனக்கே புரியல. இதைக் கொஞ்சம் நல்ல தமிழ்ல எழுதித் தரணும்."

அறுபத்துநாலு பக்கம். அவருடைய பழைய பிக்கப் வண்டியின் என்ஜினைக் கழற்றி, வலுவும் வேகமும் கூட்டித் திரும்பக் கட்டுவதற்கான திட்டம். அவருக்கு இது முதல் என்ஜின். இதற்குமுன் அவர் பிரித்துப் பார்த்தவற்றில் பெரியது ஒரு சுவர்க்கடிகாரம். திரும்ப மாட்டியபோது இரண்டு சக்கரம் மிச்சமாகிவிட்டது. "அது இல்லாமலே ஓடுது சார்" என்று அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

நகலெடுக்க உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் 'சிலிண்டர் ஹெட்டின் துளைகளை அகலப்படுத்தணும்' என்ற வரிக்குக் கீழே 'அவள் சிரித்தாள்' என்று எழுதி, அடித்து, அடித்ததன் மேல் இன்னொரு முறை அடித்திருந்தது. என் போர் அந்த இடத்திலேயே நின்றுபோனது.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'இரும்பும் எண்ணெயும் மணக்கும் ஒரு காலையில், தன் விதியைத் திருத்தி எழுதப் புறப்பட்ட அந்த'

(வேண்டாம். அவருக்கு மணமே தெரியாது. மூக்கில் ஆபரேஷன் ஆனவர்.)

இரண்டாம் முயற்சி: 'பிக்கப்புக்கு வயது முப்பத்திரண்டு. மனிதர்களுக்கும் இந்த வயதில்தான்'

(இதுவும் வேண்டாம். விட்டால் அடுத்த வரியில் தத்துவம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.)

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்காரரும் அவர் மனைவியும் பிக்கப்பில் ஒரு பீரோவை ஏற்றிக்கொண்டு மேட்டுத்தெருவில் ஏறினார்கள். வண்டி முக்கியது, முனகியது, கறுப்பாகப் புகைவிட்டது. அப்போது ஒரு சைக்கிள்காரர், ஒரு கையில் வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டே, அவர்களை முந்திப் போனார். போகிறபோது திரும்பிப் பார்த்து, ஆறுதலாகத் தலையை வேறு ஆட்டினார்.

மனைவி சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். கண்ணாடிக்காரர் மறுநாள் நோட்டு வாங்கினார்.

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். ஒரு சிரிப்புக்காக ஒரு மனிதன் பதினான்கு மாதம் திட்டம் போடுவானா? வாசகர் நம்புவாரா? அவரிடமே கேட்டேன். "பதினாலு இல்ல சார், பதினஞ்சு" என்றார்.

அவருடைய மைத்துனர் லேத் பட்டறை வைத்திருப்பவர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எல்லாம் சரி மாமா. வண்டி எதுக்கு? பாரம் இழுக்கவா, பறக்கவா? அதைச் சொன்னாதானே எந்த கேம்ஷாஃப்ட் போடணும்னு தெரியும்?"*

"ரெண்டுக்கும்தான்."

"ரெண்டுக்கும்னா ஒண்ணுக்கும் உதவாது. எதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க."

அவர் முடிவு பண்ணவில்லை. என்ஜினைத்தான் கழற்றினார். வெளியில் வைத்தால் தூசி படியும் என்று அதைத் தாங்கியோடு உருட்டிவந்து படுக்கையறையில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நிறுத்தினார். மேலே ஒரு தார்ப்பாய் போர்த்தினார்.

(இந்தப் பத்தியைக் கண்ணாடிக்காரரின் மனைவி படித்துவிட்டுத் திருத்தினார்: "தார்ப்பாய் இல்ல சார். என்னோட போர்வை. எனக்குக் குளிருச்சு.")

* கேம்ஷாஃப்ட்: வால்வுகள் எப்போது திறக்கணும், எப்போது மூடணும் என்று ஆணையிடும் தண்டு. நான் முன்பு வேலை பார்த்த ஆபீசில் மேனேஜர் ஒருவர் இதே வேலையைச் செய்துவந்தார். தண்டு தூங்காது என்பதுதான் வித்தியாசம்.

4

அந்த மனைவியைப் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவர் டிரைவிங் கற்றுக்கொடுக்கும் டீச்சர். பிக்கப்தான் அவருடைய பள்ளிக்கூடம்.

என்ஜின் படுக்கையறைக்குப் போன மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு வகுப்பு இருந்தது. டீச்சர் அதை ரத்து செய்யவில்லை. வாசலில் நின்ற வண்டியில் மாணவியை உட்காரவைத்து, தானும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"சாவியைப் போடுங்க டாக்டர்."

மாணவி ஒரு பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாயில் மிஷின் ஓட்டுகிறவர். ஆனால் வண்டிச் சத்தம் கேட்டால் கை உதறும். நாலு டிரைவிங் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்போடு ஓடிவந்தவர். சாவியைத் திருப்பினார்.

"டுர்ர்ர்" என்றார் டீச்சர், வாயால். "ஸ்டார்ட் ஆயிடுச்சு. மெதுவா கிளட்ச்சை விடுங்க. முன்னாடி லாரி வருது பாருங்க."

"எங்க?"

"போயிடுச்சு. இப்படியா நடுரோட்ல நிப்பீங்க?"

டாக்டருக்குக் கை உதறவில்லை. ஒரு வாரத்தில் சந்தை வரை போனார். இரண்டாம் வாரம் பாலத்தைத் தாண்டினார். பதினேழாம் வகுப்பில் ஓர் ஆட்டின்மேல் ஏற்றிவிட்டார். டீச்சர் "ஐயோ, ஆடு!" என்று கத்தியது தாமதமாகிவிட்டது. டாக்டர் வண்டியைவிட்டு இறங்கி, சக்கரத்தடியில் குனிந்து பார்த்து, ஓவென்று அழுதார். மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. டீச்சரே அவர் கிளினிக்குக்குப் போய், ஆடு பிழைத்துக்கொண்டது, இப்போது லேசாக நொண்டுகிறது, அவ்வளவுதான் என்று சொல்லிக் கூட்டிவந்தார்.

செய்தி பரவியது. வண்டி என்றாலே பயந்தவர்களெல்லாம் தேடி வந்தார்கள். வாசலில் பெஞ்சு போட வேண்டியதாயிற்று. ஒரு தம்பதி தொலைதூரப் பயணத்துக்கென்று போர்வையும் பிளாஸ்கும் கொண்டுவந்தார்கள். டீச்சருக்குத் தொண்டை கட்டி, மேட்டில் ஏறும்போது மட்டும் மாணவர்களே சத்தம் கொடுத்தார்கள்.

இதற்குள் படுக்கையறையில் என்ஜின் தயாராகிவிட்டது. புது பிஸ்டன், பெரிய கார்புரேட்டர், எல்லாம். கண்ணாடிக்காரர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை மாட்டிடுறேன்."

டீச்சர் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "யாரைக் கேட்டு?"

"என் வண்டிக்கு நான் யாரைக் கேட்கணும்?"

"என் ஸ்கூலுக்கு நீங்க என்னைக் கேட்கணும். இருபத்திரண்டு பேர் அந்த வண்டியை நம்பி இருக்காங்க. ஓட ஆரம்பிச்சா ஒருத்தர் வரமாட்டாங்க."

"ஓடாத வண்டில என்னத்த சொல்லிக்கொடுக்குற?"

"ஓடாத என்ஜினை இத்தனை நாளா நீங்க கட்டிக்கிட்டு அழல?"

அதன்பின் நான்கு நாள் இருவரும் பேசவில்லை. மாடியிலிருந்து எனக்குக் கேட்டதெல்லாம் ஸ்பேனர் சத்தமும் பாத்திரச் சத்தமும்தான்.

5

முடிவுகள்.

அ) அவர் என்ஜினை மாட்டவில்லை. அன்புக்காகத் தியாகம். (கண்ணாடிக்காரர் படித்துவிட்டு, "இந்தாளு யாரு சார்?" என்று கேட்டார்.)

ஆ) டீச்சர் கோபித்துக்கொண்டு தம்பியின் பட்டறைக்குப் போய்விடுகிறார். (டீச்சர்: "அங்க உட்காரக்கூட இடம் கிடையாது.")

இ) நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே நடந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை டீச்சர் ஒரு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கண்ணாடிக்காரரும் மைத்துனரும் என்ஜினை வண்டியில் இறக்கிவிட்டார்கள். சனிக்கிழமை காலை, என்ஜினை மூடும் பானெட்டின் கீல் சரியில்லை என்று கண்ணாடிக்காரர் அதைக் கழற்றிப் பின்கட்டுக்கு எடுத்துப்போனார். டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று அங்கேயே நின்று ஒத்திகை பார்த்திருக்கிறார். அதற்குள் மணி ஒன்பது.

பல் டாக்டர் வண்டியின் பின்பக்கமாக வந்து, வழக்கம்போல ஏறினார். முப்பத்தோராவது வகுப்பு. கல்யாணத்திலிருந்து நேராக வந்த டீச்சர் வாசல் பெஞ்சில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தபடியே ஏறிக் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். முன்னால் பானெட் இல்லாததை இருவரும் கவனிக்கவில்லை.

டாக்டர் சாவியைத் திருப்பினார். டீச்சர் "டு" என்றார்.

மீதியை என்ஜின் சொன்னது. என் மேசையிலிருந்த பேனா கீழே விழுந்தது. டாக்டருக்கு அலறத் தோன்றவில்லை. முப்பது வகுப்பில் படித்ததைப் படித்தபடி செய்தார்: கண்ணாடி பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், கிளட்ச்சை மெதுவாக விட்டார். வண்டி வாசலைவிட்டு, தெருவைவிட்டு, என் பார்வையைவிட்டுப் போய்விட்டது. பானெட்டைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஓடிவந்த கண்ணாடிக்காரர் தெருவில் கொஞ்சதூரம் ஓடி, நின்றார்.

6

இப்போது மணி பத்தேகால். அவர் என் அறையில் நிற்கிறார், இன்னும் பானெட்டோடு. "சீக்கிரம் திரும்பி வந்தாங்கன்னு எழுதுங்க சார்" என்கிறார். அப்படியெல்லாம் எழுத முடியாது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க." டீச்சர்தான். காற்றுச் சத்தம். பின்னால் டாக்டர் யாரையோ ஹாரன் அடித்து விலக்குகிறார். அவரே சிரிக்கிறார். "அந்த அறுபத்துநாலு பக்கத்துல பிரேக்குக்கு எந்தப் பக்கம்?"

கண்ணாடிக்காரர் நோட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். கடைசியிலிருந்து முதல்வரை புரட்டினார். பிரேக்குக்குப் பக்கம் இல்லை.

"பழைய பிரேக்தான் இருக்கு" என்றார்.

"அது தெரியுது. பிடிக்குது, ஆனா யோசிச்சுப் பிடிக்குது. போர்டைப் படிக்கிறதுக்குள்ள ஊர் போயிடுது. டாக்டர், ரெண்டாவது கியருக்கு வாங்க, பயப்படாதீங்க. ஏங்க, கேக்குதா?"

அவர் வாயில் இரண்டு கேள்விகள் நின்றன. இரண்டையும் கேட்டார், ஒன்றன்பின் ஒன்றாக. ஒன்று, "சத்தம் எப்படி இருக்கு?" மற்றது, "நீ எங்க இருக்க?"

எதை முதலில் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். இரண்டு அடி தள்ளித்தான் நின்றேன். டீச்சருக்கும் தெரியும். நான் எழுத மாட்டேன். அவர் பானெட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்க்கிறார். நீங்கள் அவரை ஆறு பகுதிகளாகப் பார்த்துவிட்டீர்கள். வரிசையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.