பம்புப் பச்சை

பொங்கியண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது பட்டறையில் வைத்துத்தான். கணபதிப் பகுதியில் தண்ணீர் பம்புகளுக்கு உடல் வார்க்கும் பவுண்டரி அவருடையது. போர்மேன் தனபால் அவரைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். உயிருக்கு ஆபத்தில்லை என்றான பிறகு டாக்டர் சொன்னதுதான் அவருக்கு வலியைவிடப் பெரிதாக இருந்தது. மூன்று மாதம் பட்டறைப் பக்கமே போகக் கூடாது, போனிலும் பட்டறைப் பேச்சு கூடாது என்றார்.

சரவணம்பட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அவர் திருட்டுத்தனமாகத் தனபாலுக்குப் போன் போட்டுக் கரி வந்ததா, மணல் ஈரம் சரியா என்று கேட்டார். மனைவி பூவாத்தாள் போன் ஒயரைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அதன் பிறகு அவர் வீட்டைப் பட்டறையாக்கப் பார்த்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றினார். கொடியில் துணி காயப்போடும் முறை தப்பு என்றார். கல்யாணமான நாளிலிருந்து பகலில் அவரை வீட்டில் வைத்துப் பூவாத்தாளுக்குப் பழக்கமில்லை. ஆள் பிழைத்ததற்குச் சாமிக்கு நன்றி சொன்ன அதே வாயால், எப்போது வேலைக்குப் போவார் என்றும் கேட்டுக்கொண்டாள்.

அப்பாவைப் பார்க்கச் சிங்கப்பூரிலிருந்து மகன் மோகன்குமார் வந்திருந்தான். கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் அவனுக்கு வேலை. திரும்பிப் போகும் அன்று பெட்டியிலிருந்து ஒரு அட்டை டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தான். டப்பாவின் மேல், மேகத்துக்கு நடுவே சாய்ந்து பறக்கும் ஒரு பழைய போர் விமானத்தின் படம்.

"இது பிளாஸ்டிக் பிளேனுங்கப்பா. உள்ள துண்டு துண்டா இருக்கும். ஒட்டி, பெயிண்ட் அடிக்கோணும்" என்றான்.

"கொளந்தைக சாமானாட்டம் இருக்குது."

"அங்க பெரியவங்கதானுங்க செய்யறாங்க. என்ற கூட வேலை பாக்கறவரு ஊடு பூரா வெச்சிருக்காரு. சும்மா உக்காந்திருக்கறதுக்கு இது பரவாயில்லீங்களே."

மகன் போய் ஒரு வாரம் வரை டப்பா அப்படியே கிடந்தது. பிறகு ஒரு நாள் காலையில், பேப்பரை இரண்டாம் முறையும் படித்து முடித்துவிட்டு, பொங்கியண்ணன் அதைப் பிரித்தார். சாம்பல் நிறச் சட்டங்களில் இறக்கை, வால், சக்கரம், குண்டூசி அளவு துப்பாக்கி எல்லாம் காய் காய்த்தது போல ஒட்டிக்கொண்டிருந்தன. அவருக்கு அது உடனே பிடித்துப்போனது. அச்சுக்குள் உருக்கி ஊற்றி, ஊற்றின வழியோடு சேர்த்து வெளியே எடுத்திருக்கிறார்கள். அவர் பட்டறையில் செய்வதும் அதுதான்.

"நம்ம வேலைதான் அம்மிணி இது. இரும்புக்குப் பதிலா பிளாஸ்டிக்" என்றார்.

ஆனால் கை ஒத்துழைக்கவில்லை. சூடு பட்டுத் தடித்த விரல்களுக்கு அந்தத் துண்டுகள் அகப்படவே இல்லை. ஓட்டுபவன் பிடிக்கும் கைப்பிடி ஒன்று விரலிலிருந்து தெறித்துக் காணாமல் போனது. இருவரும் தரையில் மண்டியிட்டுத் தேடினார்கள். பூவாத்தாள்தான் சோபா காலடியில் கண்டுபிடித்தாள். தோட்டத்து வேலையில் காலில் தைத்த முள்ளை எடுக்க வைத்திருந்த முள்வாங்கியைக் கொண்டுவந்து, கைப்பிடியை அதனால் பற்றி, உரிய குழியில் நிறுத்தினாள்.

"அப்படியே இரு, நகத்தாத" என்று சொல்லிப் பொங்கியண்ணன் ஒரு சொட்டுப் பசை வைத்தார்.

மறுநாள் சமையல் முடிந்ததும் அவள் தானாகவே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். செய்முறைத் தாளில் படமும் நம்பரும்தான் பெரும்பாலும். அவள் படத்தைப் பார்த்து நம்பரைச் சொல்ல, அவர் வெட்டி, அரத்தால் தேய்த்துக் கொடுத்தார். அவள் பொருத்தினாள். இடையில் ஒறம்பறை, சொந்தக்காரர் என்று யாராவது வந்தால் மேஜை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்கள். இரண்டு வாரத்தில் விமானம் சக்கரத்தில் நின்றது.

பிறகு பெயிண்ட்டில் தகராறு வந்தது. டப்பாவில் பெயிண்ட் இல்லை. உடம்பு விசாரிக்க வந்த தனபாலிடம் பொங்கியண்ணன் சொல்லி அனுப்பினார். அவரும் மறுநாளே பம்புக்கு அடிக்கும் பச்சை எனாமல் ஒரு டப்பா, தின்னர் ஒரு பாட்டில், இரண்டு அங்குல பிரஷ் ஒன்று எல்லாம் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஏனுங்க, படத்துல இந்தப் பச்சை இல்லீங்களே" என்றாள் பூவாத்தாள். "கரும்பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டா இருக்குது. அடிப்பக்கம் வேற கலரு."

"பச்சை பச்சைதான். இந்த ஊர்ல பாதிக் கெணத்துல நிக்கறது இந்தப் பச்சைதான்."

அவர் பிரஷைத் தோய்த்து ஒரே இழுப்பில் இறக்கையில் அடித்தார். பெயிண்ட் வழிந்து ஓரத்தில் சொட்டாகத் தொங்கியது. இறக்கையில் கீறியிருந்த மெல்லிய கோடுகள் மூழ்கிப் போயின. பட்டறையில் பெயிண்ட் வழிந்தால் செய்வதையே செய்தார். துணியில் தின்னர் நனைத்து அழுத்தித் துடைத்தார். பெயிண்ட் போனது. கூடவே இறக்கையும் இளகிப் போனது. துணியின் நூல் அதில் ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது, மேற்பரப்பு பாலாடை பிரிவது போல் பிரிந்து ஒரு பள்ளம் விழுந்தது.

பொங்கியண்ணன் துணியை மூலையில் எறிந்தார். "இரும்பையே தண்ணியாட்டம் ஊத்தறேன். இந்தத் துக்கிணியூண்டு சாமான் என்ற பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்றார். அறைக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பூவாத்தாள் பயந்துபோய்ப் பின்னாலேயே வந்தாள். "நெஞ்சு வலிக்குதுங்களா?"

"வலி இல்ல. சித்தெ உடு."

அவருக்கு இறக்கை போனது மட்டும் வருத்தமில்லை. பட்டறை இல்லாவிட்டால் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது, நோய் வந்தபோது கூடத் தோன்றாத அளவுக்கு, அப்போது தோன்றியது. சாயங்காலக் காப்பியையும் படுத்தபடியே வேண்டாம் என்றார்.

மறுநாள் காலை இட்லி வைக்கும்போது பூவாத்தாள் கேட்டாள். "உங்க கேஸ்டிங்ல ஓட்டை உழுந்துச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"பட்டி பாத்துத் தேச்சு உடுவோம்."

"இதுக்கும் பாத்துப்போடலாமுங்களே."

"எந்தப் பட்டியும் இதுல புடிக்காது. காஞ்சா உதிந்து போயிரும். அதே சாமானா இருந்தாத்தான் புடிக்கும்." சொல்லிவிட்டு இட்லியைப் பிட்டவர் கையை நிறுத்தினார். "அந்தச் சட்டமெல்லாம் தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்லீங்க. டப்பாவுல இருக்குது."

துண்டுகளை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சிய சட்டங்கள் அவை. அதில் ஒன்றைப் பொடியாக நறுக்கிப் பழைய மருந்துப் பாட்டிலில் போட்டு, அது மூழ்கும் அளவு தின்னர் ஊற்றினார். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகல் சாப்பாட்டுக்குள் அது கூழாகிவிட்டது. பூவாத்தாள் தீக்குச்சியால் கிளறிப் பார்த்து, தோசை மாவுப் பதம் என்றாள். அவளே பள்ளத்தில் நிரப்பினாள். காய்ந்து இறுக இரண்டு மூன்று நாள் விட்டார்கள்.

தேய்க்கிற வேலையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தார். அவ்வப்போது கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வார்ப்பில் மேடு இருக்கிறதா என்று அவர் பார்ப்பது அப்படித்தான். கடைசியில் அவள் கையைப் பிடித்து இழுத்து இறக்கை மேல் வைத்தார். "எங்க ஓட்டை இருந்துச்சுன்னு சொல்லு பாக்கலாம்."

அவளால் சொல்ல முடியவில்லை. அன்று அவர் இரண்டு முறை காப்பி கேட்டார்.

பெயிண்ட் வேலையை அவராகவே அவளிடம் விட்டார். பூவாத்தாள் டவுன் பஸ் பிடித்துக் காந்திபுரம் போய், ஒரு ஸ்டேஷனரிக் கடையில் மெல்லிய பிரஷ் கேட்டாள். கடைக்காரர் ரசாக் மூன்று நான்கு வகையை எடுத்துப் பரப்பினார்.

"பிள்ளைக்கு டிராயிங் கிளாஸுங்களா?"

"எனக்குத்தானுங்க. ஏரோப்ளேனுக்குப் பெயிண்ட் அடிக்கோணும்."

ரசாக் ஒவ்வொன்றையும் விரலால் வருடிப் பார்த்து, முடி உதிராத பிரஷாகப் பொறுக்கிக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் கறுப்பு, மஞ்சள், சிவப்பு, வெள்ளை எனாமல் சின்ன டப்பாக்களும், பிளாஸ்டிக்கைக் கரைக்காத டர்பன்டைனும் கிடைத்தன. தின்னர் இறக்கையைக் கரைத்தது நினைவிருந்ததால் இதையும் முதலில் ஒரு சட்டத்துண்டில் தேய்த்துப் பார்த்துக்கொண்டுதான் தொட்டாள்.

பம்புப் பச்சையில் கறுப்பும் துளி மஞ்சளும் கலந்தாள். பொங்கியண்ணன் எட்டிப் பார்த்தார். "நல்ல பச்சையக் கெடுத்துப்போட்டயே."

"நம்ம பச்சை தோட்டத்துல பம்பு எங்க நிக்குதுன்னு தெரியறதுக்குங்க. இது எங்க நிக்குதுன்னு தெரியக் கூடாதுன்னு அடிச்சது."

அவர் யோசித்துப் பார்த்தார். பிறகு பச்சை டப்பாவை அவள் கைக்கு எட்டும்படி தள்ளி வைத்தார்.

மேல்பக்கம் பச்சை முடிந்து பழுப்பு தொடங்கியபோது டாக்டர் அரை நாள் பட்டறைக்குப் போகலாம் என்று அனுமதி கொடுத்தார். பொங்கியண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விடிந்ததும் கிளம்பிவிட்டார். பட்டறையில் மாலை போட்டார்கள். தனபால் எல்லாவற்றையும் ஒழுங்காகவே பார்த்துக்கொண்டிருந்தார். கரி இருந்தது, மணல் சரியாக இருந்தது. குறை சொல்ல எதுவும் இல்லாமல் அவர் ஆபீஸ் அறையில் உட்கார்ந்தார். டாக்டர் அனுமதி கொடுத்ததும் பூவாத்தாள் போன் ஒயரைத் திரும்ப மாட்டியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் போன் போட்டார்.

"என்ன பண்ணறெ?"

"அடிப்பக்கம் பெயிண்ட் அடிச்சுட்டிருக்கறனுங்க."

"நான் வந்தப்புறம் அடிச்சிருக்கலாமல்ல?"

"அது காயோணுமல்லங்க."

"ஏனுங்ணா, அந்த அஞ்சு எச்பி அச்ச மாத்தீரலாங்களா?" என்று தனபால் வாசலில் நின்று கேட்டது அவர் காதில் இரண்டாம் முறைதான் விழுந்தது.

அந்த வாரம் முழுவதும் இப்படியே போனது. அவர் திரும்பி வருவதற்குள் ஏதாவது ஒரு வேலை முடிந்திருக்கும். டப்பாவோடு வந்த வட்டச் சின்ன ஸ்டிக்கர்களைத் தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் வேலையை அவர் மிகவும் எதிர்பார்த்திருந்தார். ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது அவையும் இறக்கையில் ஏறியிருந்தன. அவர் சாப்பிட உட்கார்ந்தார். மோர் சாதத்துக்கு வந்த பிறகு சொன்னார்.

"ஒண்ணாவது எனக்கு வெச்சிருக்கலாம்."

பூவாத்தாள் மோரை ஊற்றியபடியே சொன்னாள். "நீங்க அங்க இரும்பு ஊத்தறப்ப என்னையக் கேட்டா ஊத்தனீங்க? ஒரு நாளாவது வந்து பாருன்னு கூப்பட்டிருப்பீங்களா?"

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். பொங்கியண்ணன் தட்டைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் பட்டறைக்குள் வந்தது ஆயுத பூஜைக்கு மட்டும்தான். அதுவும் வாசல் வரைக்கும்.

"இல்லதான்" என்றார்.

அடுத்த நாள் இரும்பு ஊற்றுகிற நாள். அவளையும் காரில் கூட்டிக்கொண்டு போனார். உலையைத் திறந்து, கரண்டியில் பிடித்து, ஆட்கள் வரிசையாக அச்சுகளில் ஊற்றுவதை அவள் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு கடைசி வரை நின்று பார்த்தாள். "இவ்வளவு வெக்கையிலயா நின்னுட்டிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் சிங்கப்பூரிலிருந்து பேசினான். விமானம் முடிந்துவிட்டதென்று அப்பா சொன்னார்.

"பரவாயில்லீங்களேப்பா, நீங்களா பெயிண்ட் அடிச்சீங்க?"

"உங்கம்மா அடிச்சா. ஒரு எறக்கைய நான் கெடுத்தேன், அப்பறம் ரெண்டு பேரும் சரி பண்ணினோம்."

பூவாத்தாள் ரிசீவரை வாங்கிக்கொண்டாள். "கண்ணு, அடுத்த தடவை வாரப்ப ரெண்டு எஞ்சின் வெச்சதா ஒண்ணு வாங்கிட்டு வா. பெருசா இருக்கோணும்."

சித்திரையில் டாக்டர் கடைசியாகப் பரிசோதித்துவிட்டு, இனி முழு நாளும் பட்டறைக்குப் போகலாம் என்றார். தனபால் வெளியே காரோடு காத்திருந்தார்.

"நாளையிலிருந்து வெடிஞ்சதும் வந்தரலாங்ணா."

"வேண்டாம் தனபாலு. முன்னேரத்துல நீயே பாத்துக்க. மத்தியானம் சாப்பிட்டப்பறம் நான் வாரேன்" என்றார் பொங்கியண்ணன்.

உடம்புக்காக என்று தனபால் நினைத்துக்கொண்டார். பொங்கியண்ணனும் அவரை அப்படியே நினைக்க விட்டுவிட்டு, பின் சீட்டில் மனைவி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.