முன்னறைக்கு எடுத்த அளவு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அக்கா வந்து நின்றாள். கையில் சுவர் சுரண்டும் தகடு. தலையில் தூசிக்காகக் கட்டிய துணி. யாரும் அவளை வரச் சொல்லவில்லை. இது ஏழாவது ஞாயிறு.

“முன்னறைச் சுவரு இன்னும் பாதி கிடக்குல்ல?” என்று கேட்டுக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வருடக்கணக்காக ஈரப் போர்வைகளைப் பிழிந்த கைகள். தகடு பட்ட இடமெல்லாம் பழைய சுண்ணாம்பு செதில் செதிலாக உதிர்ந்தது.

தம்பி வாசலில் மணல் சலித்துக்கொண்டிருந்தான். அவன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஒவ்வொரு எழுத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அந்தப் பார்வையை அச்சகத்திலேயே விட்டுவிட்டு வர அவனுக்குத் தெரியாது. சல்லடையை ஆட்டியபடியே ஜன்னல் வழியாக அக்காவை நோட்டம் விட்டான்.

வீடு அப்பா கட்டியது. அவர் போனபின் யார் யாரோ குடியிருந்து, சுவரில் ஆணியடித்து, குழாயை உடைத்து, கடைசியில் கூரை ஒழுகுகிறது என்று காலி செய்துவிட்டுப் போனார்கள். வாடகை வீட்டில் இருந்து அலுத்துப்போன தம்பி, இதையே சரிசெய்து குடிவந்துவிடலாம் என்று முடிவு கட்டினான். கொத்தனார் சொன்ன கூலியைக் கேட்டு மயக்கம் வராத குறை. ஆகவே போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவனும் மனைவியும் தாங்களே இறங்கினார்கள். பழைய கட்டடச் சாமான் கடையில் கதவு வாங்கினார்கள். டைல்ஸ் கடையில் மிச்சம் மீதி கிடந்ததை அள்ளி வந்ததில் சமையலறைத் தரை மூன்று நிறத்தில் அமைந்தது. “யாராவது கேட்டா இதுதான் இப்ப ஃபேஷன்னு சொல்லிடலாம்” என்றாள் மனைவி.

பின்பகுதியில் தாங்கள் இருந்துகொண்டு, தனி வாசல் உள்ள முன்னறையையும் அதை ஒட்டிய குளியலறையையும் வாடகைக்கு விடுவது அவன் திட்டம். அது வந்தால்தான் மூச்சு விட முடியும்.

அக்கா வர ஆரம்பித்த முதல் வாரம் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் உறுத்தியது. அவள் சமையலறைப் பக்கம் போவதே இல்லை. வந்தால் முன்னறைதான். ஒருநாள் அறையின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு நாள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக் கதவு நிலையை அளந்து, துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டாள். அவன் உள்ளே வந்ததும் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எதுக்குக்கா அளவு?”

“சும்மாதான். இந்த ரூமை என்ன பண்ணப் போறே?”

“பாக்கலாம்” என்று நழுவினான். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காததுதான் அவனுக்கு இன்னும் பெரிய சந்தேகமாகப் பட்டது.

“அக்கா ஏன் வாராவாரம் வருது?” என்று மனைவியிடம் கேட்டான்.

“வேலை செய்ய வராங்க. அண்ணி வந்தாத்தான் இங்க வேலையே நகருது. பேசாம இருங்க.”

“கூலி இல்லாம யாராவது இப்படி மாடா உழைப்பாங்களா? நாளைக்கு, நானும் சேர்ந்து கட்டின வீடுன்னு வந்து நின்னா?”

மனைவி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சிமெண்ட் குழைக்கப் போய்விட்டாள்.

இந்த ஏழாவது ஞாயிறு அவன் சந்தேகம் உறுதியானது. மதியம் அக்கா கொல்லைப்பக்கம் நின்று போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் கதவின் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அளவெல்லாம் எடுத்துட்டேன் சார். முன்னறைதான் வேணும், அதுதான் சரிப்படும். இல்ல, தம்பிகிட்ட இன்னும் பேசல. அவனா சொல்றானான்னு பாக்கறேன்.”

வக்கீல்தான். வேறு யார்?

மறுநாளே பத்திரம் எழுதுகிறவரைப் பிடித்தான். அப்பாவின் வீட்டில் தனக்குள்ள பங்கைத் தம்பிக்கே விட்டுக்கொடுப்பதாக அக்கா சொல்வதுபோல் ஒரு பத்திரம் தயாரானது. வாரம் முழுவதும் அச்சகத்தில் அவன் கண்ணிலிருந்து பிழைகள் தப்பிக்கொண்டே இருந்தன.

அடுத்த ஞாயிறு. அக்கா கைகால் கழுவிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். அவன் காகிதத்தை நீட்டினான்.

“ஒரு கையெழுத்து போட்டுருக்கா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி.”

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்தாள். படித்து முடித்து நிமிர்ந்தபோது கேட்டது ஒரே கேள்வி.

“அப்ப அம்மா எங்கே படுப்பாங்க?”

அவனுக்குப் புரியவில்லை. “அம்மா உன் வீட்டுலதானே இருக்காங்க?”

“மூணு வருஷமா இருக்காங்க. கையும் காலும் விழுந்த அன்னிக்கு, ‘வீடு மட்டும் சரியாகட்டும்க்கா, நானே கூட்டிட்டுப் போயிடறேன்’னு சொன்னே. ரெண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் அவங்க கண்ணுல தெருவே படும். அதுக்கும் ரெண்டு பேர் நாற்காலியோட தூக்கணும். நீ வீட்டைச் சரிபண்ண ஆரம்பிச்சதும் அம்மாவுக்காகத்தான்னு நினைச்சேன்டா.”

“போன்ல…” என்று தொடங்கினான்.

“ஒட்டுக் கேட்டியா? சக்கர நாற்காலி கடைக்காரர். வாசல் அகலம் கேட்டாரு. குளியலறை வாசல்ல நாலு விரக்கடை பத்தாது. அதை இடிக்கணும்னு நீயே சொல்லுவேன்னு ஒவ்வொரு வாரமும் காத்திருந்தேன். நீ சொல்லவே இல்ல. எனக்கும் சந்தேகம் வந்துச்சு. என் தம்பி அப்படியெல்லாம் மறக்கமாட்டான்னு நானே என்னை அதட்டிக்கிட்டேன்.”

காகிதத்தை மடித்து அவன் பக்கம் தள்ளினாள். “இதுல போடமாட்டேன். பாசமா கேட்டிருந்தா, யோசிக்காமக்கூட போட்டிருப்பேன். திருடியைப் பிடிக்கற மாதிரி நீட்டினா எப்படிப் போடறது? இது அப்பா வீடு. எனக்கும் பங்கு இருக்கு. அது அப்படியே இருக்கட்டும்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தகட்டைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை வேலை முடிந்து, அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து அம்மாவிடம் போனான். மாதம் ஒருமுறை பழங்களோடு வந்து, கால்மணி நேரம் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிற வீடு அது. பகலில் துணைக்கு இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் திறந்துவிட்டாள். அம்மாவுக்குப் பேச்சு குழறும். இருந்தும் அவனைக் கண்டதும் வீட்டைப் பற்றித்தான் பேசினாள். சமையலறைத் தரையின் மூன்று நிறமும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கதவு நிலையில் கரையான் அரித்திருந்ததும் தெரிந்திருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் மகள் வந்து சொல்லச் சொல்ல, படுத்தபடியே அந்த வீட்டில் நடமாடியிருக்கிறாள்.

“முன்னறை ஜன்னல்… தெருவைப் பாத்த ஜன்னல்தானே?” என்றாள்.

“ஆமாம்மா.”

“எப்ப… வரலாம்?”

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அம்மா பதிலுக்காகக் காத்திருந்தாள். அவசரமே இல்லாத காத்திருப்பு. மூன்று வருடப் பழக்கம்.

“சீக்கிரம்மா. குளியலறை வாசலை மட்டும் பெருசாக்கணும்” என்றான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். “வாடகை வராது. இன்னும் இழுத்துப் பிடிக்கணும்” என்றான். “இழுத்துப் பிடிப்போம். நமக்கு என்ன புதுசா?” என்றாள் அவள். மறுநாள் மாலையே உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தார்கள். நிலையைப் பெயர்த்து, செங்கல்லை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்து, வாசலை அகலமாக்கிப் பூசி முடிக்க மூன்று வாரம் பிடித்தது. தம்பியின் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. அந்த மூன்று ஞாயிறும் அக்கா வரவில்லை. வருவாள் என்று ஒவ்வொரு முறையும் வாசலைப் பார்த்தான்.

நான்காவது ஞாயிறு அவனே போனான். அச்சக நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய், அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு மாடியும் இறக்கினார்கள். கீழே வாடகைக் காரில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, அக்காவிடம் திரும்பினான்.

“நீ என்னத்தை எடுத்துட்டுப் போகப் போறேன்னுதான்க்கா பாத்துட்டே இருந்தேன். நான் என்ன பாக்கி வெச்சிருக்கேன்னு ஒருநாளும் பாக்கல. அந்தக் காகிதத்தைக் கிழிச்சுட்டேன். வீட்டை ரெண்டு பேர் பேருலயும் எழுதிடலாம்.”

அக்கா அம்மாவின் மருந்துப் பையை அவன் கையில் கொடுத்தாள்.

“எழுது. நல்லதுதான். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ தம்பி. சொத்துல பங்கு கேட்டு யார் வருவாங்களோன்னு ஊர்ல எல்லா வீட்டுலயும் பயந்துக்கறாங்க. பெத்தவங்களைப் பாத்துக்கறதும் பங்கு போட வேண்டிய விஷயம்னு எந்த வீட்டுலயும் யாரும் நினைக்கறதில்ல. யாராவது முதல்ல அந்தப் பங்கைக் கேட்டு வாங்கினா, மத்த எதுலயும் சந்தேகமே வராது.”