க்ளென்னின் பச்சைப் பூச்சாடி

"அந்தப் பீங்கான் கோழி எத்தனை வருஷமா இங்கேயே அடைகாக்குது, அம்மணி? வாடகை கிடகை தருதா?"

"உன் ஸ்டால்ல தலையில்லாத பொம்மை ஒண்ணு நிக்குதே, அதைவிடக் கொஞ்சம் கூடவே தருது."

க்ளென் வெர்னாவின் பக்கத்து ஸ்டாலுக்கு வந்த முதல் நாள், அவன் கேட்டு அவள் திருப்பிக் கொடுத்த பேச்சு இது. ஆறு வருடமாகியும் அவளுக்கு அதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

அமெரிக்காவில் ஜேன்ஸ்வில் என்ற ஊரில் ஒரு பழைய தானியக் கிடங்கில் இருந்தது அந்தப் பழம்பொருள் அங்காடி. ஸ்டால் எடுத்தவர்கள் யாரும் அங்கே உட்கார்ந்து விற்பதில்லை. வாசலில் இருக்கும் டோரின்தான் எல்லாருக்கும் சேர்த்துக் காசு வாங்கிப் போடுவாள். எதை யார் வாங்கினார்கள் என்பது விற்றவருக்குத் தெரியவே தெரியாது. சனிக்கிழமை காலைகளில் புதுச் சரக்கு அடுக்க வருவதோடு சரி. அந்தக் காலைகளுக்காகவே, கணவன் போனபிறகு முதல்முறையாக, வெர்னா உதட்டுச்சாயம் பூசத் தொடங்கியிருந்தாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை க்ளென் சொன்னான்: "மக அரிசோனாவுக்கே வந்துடுங்கறா. அங்க வாசல்ல பனி அள்ள வேண்டாமாம். மாசக் கடைசியில ஸ்டாலைக் காலி பண்ணிடலாம்னு பாக்கறேன். வியாபாரமும் படுத்துடுச்சு. இங்க என்னைப் பிடிச்சு வைக்க என்ன இருக்கு சொல்லு?"

போகாதே என்ற சொல் வெர்னாவின் தொண்டை வரை வந்தது. வாயில் வந்தது வேறு.

"அரிசோனாவுல செருப்புக்குள்ள தேள் இருக்குமாம்."

"செருப்பை உதறிட்டுப் போட்டுக்கறேன்" என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வியாபாரம் படுத்ததால்தானே போகிறான்? எழுந்து நின்றால் இருந்துவிட மாட்டானா?

செவ்வாய்க்கிழமை வந்து அவன் ஸ்டாலிலிருந்து ஒரு பச்சைப் பூச்சாடியை வாங்கினாள். வியாழக்கிழமை இரண்டு ஜாடி. அடுத்த வாரம் பெட்டி பெட்டியாகப் பொம்மைகளும் தட்டுமுட்டுச் சாமான்களும்.

"ஏம்மா, அவன்கிட்ட நேரா கேட்டா பாதி விலைக்குத் தருவானே" என்றாள் டோரின், ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றியபடி.

"நீ மட்டும் அவன்கிட்ட வாயைத் திற, அப்புறம் பாரு."

"நான் எதுக்குத் திறக்கணும்? திறக்க வேண்டியவ நீ."

அந்த வாரச் சனிக்கிழமை க்ளென் ஏறக்குறைய ஆடிக்கொண்டே உள்ளே வந்தான்.

"வெர்னா! சரக்கு பறக்குது! பாரு, அலமாரியே காலி. மூட்டை கட்டுற வேலை மிச்சம். மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு இருக்கணும்? அடுத்த வாரமே கிளம்பிடறேன்."

 வெர்னா தன் கையாலேயே அவனை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள்!

அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றும் அவள் ஸ்டாலில் நின்றுகொண்டிருந்தது. வாங்கிய பொருளைச் சும்மா வைத்திருக்க வியாபாரிக்கு மனசு வருமா? ஓர் இடம் காலியாக இருக்கிறதே என்று அந்தப் பச்சைப் பூச்சாடிக்குத் தன் விலைச்சீட்டைக் கட்டி அங்கே வைத்திருந்தாள்.

க்ளென் பேசிக்கொண்டே அதைத் தூக்கினான், தூக்கியதும் கவிழ்த்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் விருந்துக்குப் போன வீட்டில் தட்டைக்கூடக் கவிழ்த்து, அடியில் என்ன முத்திரை என்று பார்ப்பார்கள். அடியில், வாங்கிய விலையைத் தனக்கு மட்டும் புரியும்படி அவன் பென்சிலால் கிறுக்கி வைத்திருந்த எழுத்து அப்படியே இருந்தது.

"இது என் எழுத்தாச்சே."

"ஊர்ல உன்கிட்ட மட்டும்தான் பென்சில் இருக்கா?"

"விலையை வேற ஏத்தி வச்சிருக்கே!"

"நல்ல சாடி. நீதான் அடிமாட்டு விலை போட்டிருந்தே."

க்ளென் தன் காலி அலமாரியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அப்போ மத்ததெல்லாம்?"

"என் கராஜ்ல. காரு மழையில நிக்குது."

அவன் பூச்சாடியை மெதுவாகக் கீழே வைத்தான். "எதுக்கு இப்படி, வெர்னா? கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே."

"சாடியைக் கேக்கவா இத்தனை நாளா வார்த்தையை முழுங்கிட்டு இருந்தேன்?"

வாசலில் டோரின் சில்லறை எண்ணுவதை நிறுத்தியிருந்தாள். கேட்டால் கேட்கட்டும்.

"போகாதே, க்ளென். என்கூட இங்கேயே இரு."