உள்ளே கிழிந்த பலகை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் செல்லங்களே. கடைசியில் இருப்பவர்களும் முன்னால் வந்துவிடுங்கள். இதை உரக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. மரத்தைக் காயவைத்துப் பிழைத்த ஒருத்தியின் கதை. தேன் தடவித் தருவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை, முழுசாகக் கேளுங்கள்.

ஒரு மரவாடி. அப்பா விட்டுப்போனது. அக்காவும் தம்பியும் நடத்தினார்கள். தம்பி தச்சன், முன்பக்கப் பட்டறையில் கதவு, நிலை, மாடிப்படி எல்லாம் செய்வான். அக்காவின் இடம் பின்பக்கத்துச் சீசனிங் அறை. பச்சை மரத்தைப் பலகையாக அறுத்து, அடுக்குக்கு அடுக்கு காற்றுப் போக ரீப்பர் கட்டை வைத்து, கதவை இறுக்கிச் சாத்தி, சூடும் ஆவியும் காற்றாடியும் கொண்டு வாரக்கணக்கில் காயவைக்கிற அறை அது. எந்நேரமும் ஆவிக்குள்ளேயே நின்றதால் ஊரார் அவளை ஆவிக்காரி என்றார்கள். “பட்டப்பகல்ல நடமாடுற ஆவி நான் ஒருத்திதான்” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கல்யாணம் காட்சி என்று எதுவும் நடக்கவில்லை. அந்த அறைதான் அவளுக்குச் சோறும் மரியாதையும்.

தம்பிக்கோ அந்த இடத்தின் மேல் கண். காய்ந்த மரத்தை வெளியே வாங்கிக்கொள்ளலாம், அறையை இடித்துவிட்டு ஷோரூம் கட்டலாம் என்று ஓயாமல் நச்சரிப்பான். இடம் அம்மாவின் பெயரில் இருந்தது. அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: “அவ வேலையில ஒரு குறை காட்டு. அப்புறம் பேசலாம்.”

அவனால் காட்ட முடியவில்லை.

அப்போது ஒரு பல் டாக்டர் வீடு கட்டினார். மாடிப்படிக்கு வைரம் பாய்ந்த மரமாக, நல்ல தடிமனாக வேண்டும், அதுவும் ஆவிக்காரி காயவைத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று வந்து நின்றார். மரம் அறைக்குள் போய்ச் சில நாள்கூட ஆகவில்லை, அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கூட இருக்க மகளைத் தவிர யார்? கிளம்பும்போது அக்கா தம்பியிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

“பலகை தடிமனா இருக்குடா. உள்ளே இன்னும் பச்சத்தண்ணி. ஆவியை நிறுத்திடாதே, சூட்டை ஏத்திடாதே. அது பாட்டுக்கு மெதுவாக் காயட்டும்.”

“நானும் அந்த அப்பனுக்குத்தானே பொறந்தேன். போக்கா, அம்மாவைப் பாரு.”

அவள் ஏன் அத்தனை சொன்னாள் தெரியுமா? ஆவி நின்றால் தடித்த பலகையின் மேல்தோல் முதலில் காய்ந்து இறுகிவிடும். உள்சதை ஈரத்தோடு இருக்கும்போதே சூட்டை ஏற்றினால், அது சுருங்க வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே கிழியும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. தடவிப் பார்த்தால் பட்டுப்போல இருக்கும்.

டாக்டர் தினம் போன் செய்து அவசரப்படுத்தினார். தம்பி ஆவியை நிறுத்தினான், சூட்டை ஏற்றினான்.

அக்கா அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தபோது அறை காலி. பலகையெல்லாம் பட்டறைக்குப் போயிருந்தது.

“அதுக்குள்ளயாடா? ஒண்ணை வெட்டிப் பாத்துடலாமா?”

“டாக்டர் காசு போட்டு வாங்கின மரம். நீ வெட்டி விளையாடவா?”

மறுநாள் டாக்டரே வந்து நிற்க, அவர் கண் முன்னால்தான் தம்பி முதல் படிப்பலகையை ரம்பத்தில் கொடுத்தான். துண்டு விழுந்தது. வெட்டு முகத்தில் வரிசையாக ஓட்டைகள், தேன்கூடு மாதிரி. அடுத்த பலகையும் அப்படியே. அதற்கடுத்ததும்.

டாக்டர் குனிந்து விரலால் நெருடிப் பார்த்தார். “மேல பளபளன்னு இருக்கு, உள்ளே மொத்தமும் சொத்தை. நான் தினம் பாக்குறதுதான். ஆனா பல்லுல பாப்பேன். யாரு காயவச்சது இதை?”

தம்பி அக்காவின் பக்கம் பார்த்தான், அவ்வளவுதான்.

அக்கா அந்தத் துண்டைக் கையில் எடுத்தாள். சூடு எப்போது ஏறியது என்று மரமே சொன்னது. “நாளைக்கு வாங்க சார், பதில் சொல்றோம்” என்று டாக்டரை அனுப்பிவிட்டு நேராக அம்மாவிடம் போனாள். அவள் ஆரம்பிக்கும் முன்பே அம்மா சொன்னாள்:

“தெரியும்டி. அவசரத்துல சூட்டை ஏத்திட்டேன்னு ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவே அழுதுட்டான்.”

“தெரிஞ்சுமா என்கிட்டச் சொல்லல?”

“அவனுக்குப் பொண்டாட்டி, புள்ளைங்க. அவன் கெடுத்தான்னு ஊரு பேசினா எவன் வேலை கொடுப்பான்? நீ ஒத்தக்கட்டை. உன்னை யாரு என்ன சொல்லிடப் போறா?”

“அப்போ அறை?”

“அது உனக்குத்தான். நான் உயிரோட இருக்கேன்ல.”

பழியை நீ ஏற்றுக்கொள் என்று பெற்றவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மறுநாள் டாக்டர், அவர் வீடு கட்டுகிற மேஸ்திரி, பட்டறை ஆட்கள் எல்லார் முன்னாலும் அவள் சொன்னாள்: “என் தப்புதான் சார்.”

“உங்களை நம்பித்தானேம்மா கொடுத்தேன்” என்றார் டாக்டர். அதோடு போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

தம்பி பெண்டாட்டிக்கு உள்விஷயம் தெரியாது. தட்டை நகர்த்தி வைக்கிறபோதெல்லாம், “வேலை தெரிஞ்சவங்கன்னு நம்பினா இப்படித்தான்” என்று ஒரு குத்து. தம்பி தலையைக் குனிந்து சாப்பிடுவான். கொஞ்ச நாளில் குனிவதையும் விட்டுவிட்டான்.

பிறகு ஒரு காலை, கடப்பாரையோடு ஆட்கள் வந்து சீசனிங் அறையின் கதவைக் கழற்றினார்கள்.

“என்னடா இது?”

“என்ன பண்றதுக்கா, ஊரே பேசுது. இனிமே யாரு உன்னை நம்பி மரம் கொண்டாருவா?”

“கெடுத்தது யாருடா?”

“நீதானே அத்தனை பேர் முன்னாடி ஒத்துக்கிட்ட.”

அவன் குரலில் பொய் சொல்கிறவனின் தடுமாற்றம் துளியும் இல்லை, கண்ணுகளா. அதுதான் அவளை உலுக்கியது. அவன் அதை நம்பவே தொடங்கியிருந்தான்.

அம்மாவிடம் திரும்பினாள். “நீ சொல்லும்மா. ஒரே ஒரு வார்த்தை.”

அம்மா சுவரைப் பார்த்தாள். “நடந்தது நடந்து போச்சு. இனிமே கிளறினா குடும்ப மானம்தான் போகும். விடுடி.”

அவள் விட்டுவிட்டாள். வீட்டையும் சேர்த்து. வேறோர் ஊரின் மரவாடியில் வேலை கேட்டாள். அவள் பெயர் அவளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. “பலகை அடுக்குறதுன்னா அடுக்குங்க. சூடு, ஆவிப் பக்கம் மட்டும் போகக் கூடாது” என்றார் முதலாளி. சரி என்று ரீப்பர் கட்டையைக் கையில் எடுத்தாள்.

சில மாதம் கழித்துப் பழைய ஊரிலிருந்து பக்கத்து வீட்டம்மா தேடி வந்தாள். “உங்கம்மா படுத்த படுக்கையா இருக்கா. மருமக தொட்டுத் தூக்க மாட்டேங்கிறா. நீ வந்தாப் போதும்னு அழறா.”

அவள் கையிலிருந்த பலகையை அடுக்கின் மேல் வைத்து, ஓரத்தைச் சரிசெய்தாள்.

“தடிமனான பலகைக்கே பதம் தெரியாத கைன்னு சொல்லுங்க. உடைஞ்ச இடுப்பை நம்பிக் கொடுக்க வேண்டாம்.”

சொல்லிவிட்டு அடுத்த பலகைக்குக் கை நீட்டினாள். கண்ணில் ஈரம் இருந்ததா என்று கேட்காதீர்கள். பக்கத்து வீட்டம்மா நின்று பார்க்கவில்லை.

போய்ப் படுங்கள், என் கண்ணுகளா. உங்கள் வீட்டில் தப்பு செய்தவர் தானே வாய் திறந்து சொல்லட்டும்; சொன்ன பிறகும் அவர் தட்டில் ஒரு கவளம் குறையாதிருக்கட்டும். பழி சுமக்க ஆள் தேடாத வீடாக, பெற்ற பிள்ளைகளைத் தராசில் வைக்காத வீடாக, உங்கள் வீடு நீடூழி நிலைக்கட்டும்.